சின்ன முதலாளிக்கு நல்ல வார்த்தை

செல்வநாயகி என்ன பேச வேண்டும் என்பதைப் பாரி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

‘எங்க சின்ன முதலாளி எங்கள பெத்த தாய் மாதிரி பாத்துக்கிறாரு’ என்று அது ஆரம்பித்தது.

படித்ததுமே அவளுக்கு அடிநாக்கில் புளித்தது.

பாரி அவள் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியின் முதலாளி பழமலைநாதனுக்கு ஒரே மகன். சென்னையில் பி.காம். படித்தவன். ஐம்பத்து மூன்று சதவீதம், அதுவும் மூன்று அரியர் எழுதி. இப்போது வடக்கே எங்கேயோ ஒரு பெரிய எம்.பி.ஏ. காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிறான்.

மார்க் குறைவாக இருக்கிறவர்கள் வேறு எதையாவது பெரிதாகக் காட்ட வேண்டும் என்று சென்னையில் ஒரு ஆலோசகர் சொல்லிவிட்டாராம். வேலை அனுபவம், தலைமைப் பண்பு, சமூக சேவை. இரண்டு வருஷமாக அப்பா கம்பெனியில் பேக்கிங் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது வேலை அனுபவம் ஆகிவிட்டது. மற்ற இரண்டுக்கும்தான் இந்த வீடியோ.

சூளைக்கு முன்னால் பத்துப் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். எல்லோருக்கும் புது முகக்கவசம். பதினாறு வருஷமாக மண் தூளைச் சுவாசித்துக்கொண்டிருந்த செல்வநாயகிக்கும் ஒன்று கிடைத்தது.

“படம் எடுத்ததும் கசக்காம திருப்பிக் குடுத்துடுங்க” என்றார் மேஸ்திரி விருத்தகிரி, யார் முகத்தையும் பார்க்காமல்.

பாரியே வரிசையைச் சரிசெய்தான். ஒவ்வொருத்தியாகத் தோளைத் தொட்டு நகர்த்திக்கொண்டு வந்தான். இனியாவிடம் வந்ததும் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. கம்மாபுரம் பஸ்ஸில் வந்து போகிற பெண், பத்தொன்பது வயது. அவள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

செல்வநாயகி தன் இடத்தை விட்டு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

“இங்க நின்னாதான் தம்பி எனக்கு எழுத்து தெரியுது.”

அவன் போட்டிருந்த சென்ட் முகக்கவசத்தையும் தாண்டிக் குமட்டியது.

பேசும்போது மட்டும் முகக்கவசத்தைக் கீழே இறக்கிக்கொள்ளச் சொன்னார் வீடியோ எடுக்க வந்த ஸ்டூடியோக்காரர். முதல் தடவை ‘தாய்’ என்ற இடத்தை அவள் தாண்டவில்லை. இரண்டாவது தடவை ‘பெண்களுக்குத் தனிக் கழிவறை கட்டிக் குடுத்தாரு’ என்ற வரியில் நின்றுவிட்டாள். பாரி சிரித்தபடி, “டென்ஷனாவாதீங்கக்கா” என்றான்.

மூன்றாவது தடவை அவள் தாளைப் பார்க்கவில்லை.

தாளில் இல்லாததையெல்லாம் சொன்னாள். ஒருநாள் தான் மயங்கி விழுந்ததாகவும், தம்பிதான் தூக்கித் தன் காரில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும் சொன்னாள். தம்பி இருக்கிற தைரியத்தில்தான் வயசுப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிறார்கள் என்றாள். “இப்படி ஒரு புள்ளைய வுட்டீங்கன்னா நட்டம் உங்களுக்குத்தான்” என்று கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

ஸ்டூடியோக்காரர் கை தட்டினார். வரிசையில் ஒருத்தியும் தட்டவில்லை.

விருத்தகிரி முகக்கவசங்களை வாங்கி அட்டைப் பெட்டியில் அடுக்கினார். பெண்கள் குழாயடிக்குப் போனார்கள். யாரும் செல்வநாயகி பக்கத்தில் நிற்கவில்லை. இனியா மட்டும் வந்தாள்.

“ஒங்களுக்கு எப்படிக்கா வாய் வந்துச்சு?”

அந்தக் கழிவறை பாரியின் அப்பா கட்டியது. கதவில் தாழ்ப்பாள் இருந்தது. பாரி கம்பெனிக்கு வர ஆரம்பித்த மாதமே அதைக் காணோம். செல்வநாயகி கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டவைத்தாள். ஒரே வாரத்தில் அதையும் யாரோ திருகிக் கழற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். ஒருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள்.

அவசரத்துக்குத் தனியாகப் போன மோகனப்பிரியா அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. செல்வநாயகி அவள் வீடு தேடிப் போனபோது அவள் அம்மாதான் வாசலுக்கு வந்தாள். ஒன்றுமில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செல்வநாயகி பழமலைநாதனிடமே போய் நின்றாள். அவர் முழுவதையும் கேட்டார். “வயசுக் கோளாறும்மா. படிக்கப் போயிட்டான்னா சரியாயிடும்” என்றார்.

இதெல்லாம் இனியாவுக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் செல்வநாயகி இப்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“ரெண்டு வருசம் அங்கியே ஆஸ்டல்ல தங்கிப் படிக்கணுமாம். நடுவுல ஊருக்கெல்லாம் அவ்ளோவா வர முடியாதாம். அவன் மார்க்குக்கு எடுக்க மாட்டாங்க. நாம பேசுறத பாத்துதான் எடுத்தா எடுப்பாங்கன்னு மேஸ்திரி சொன்னாரு.”

இனியா குழாயை மூடினாள். அவள் முகம் தெளிந்தது. சிரிக்கப் போகிறாள் போலத்தான் இருந்தது.

பிறகு கேட்டாள்.

“அங்க பொண்ணுங்களும் படிப்பாங்களாக்கா?”

செல்வநாயகி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி கொப்பளித்தாள்.

கேமரா முன்னால் பேசிக்கொண்டிருக்கும்போதே அது அவளுக்கும் தோன்றியிருந்தது. தோன்றிய பிறகும் நிறுத்தாமல் பேசி முடித்திருந்தாள்.