கடைசி வெங்காயக் கலர்

மறுநாள் தம்பிக்கு நிக்காஹ். அக்கா தங்கை நால்வரும் ஒரே வெங்காயக் கலர் பட்டில் நிற்க வேண்டும். கௌசியாவுக்கு மட்டும் சேலை கிடைக்கவில்லை.

அம்மாப்பேட்டைக் கடைக்காரர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கடைசிச் சேலைய இப்பத்தானுங்களே நீங்க வாங்கிட்டுப் போனீங்க?"

செவ்வாய்ப்பேட்டையிலும் அதே பதில். குகை ஏரியாக் கடைக்காரர் அவள் செருப்பையே பார்த்தார். "இதே அறுந்த வாரு, இதே ஊக்குங்க!"

கௌசியாவுக்குப் பயம் வரவில்லை, ரோஷம்தான் வந்தது. 'என்னையவே முந்துறாளா?' மிச்சக் கடைகளை விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து நேராக இளம்பிள்ளை தறிக்காரர் வீட்டுக்கே பறந்தாள்.

ஒன்றே ஒன்று இருந்தது. வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது, பின்னால் வாசலில் தறிக்காரர் வேறு யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது.

"ஏனுங்க, இப்பத்தான நீங்க வாங்கிட்டுப் போனீங்க?"

கௌசியா திரும்பிப் பார்க்கவில்லை. "வண்டிய எடுங்கண்ணா," என்றாள், வாயெல்லாம் பல்லாக.