ஆறாவது துளை

வித்யாலக்ஷ்மி கையை நீட்டியபடி நின்றாள். அஷ்வத் சாவியைக் கொடுக்கவில்லை.

வங்காளத்தின் கிடர்பூரில் தேயிலை கலக்கும் கிடங்கு அது. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்தி, அப்ரன்டிஸ் இடம் தேடித் தருவது அவள் வேலை. அஷ்வத்தை இங்கே எலக்ட்ரீஷியன் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். இன்னும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கத்தான் இன்று வந்தாள்.

வாசலிலேயே சூப்பர்வைசர் பிஸ்வாஸ் பாபு பிடித்துக்கொண்டார். ஆள் நுழைகிற அளவுள்ள கலப்பு டிரம்மில் பழுது பார்த்தாயிற்று. ஐந்து பேரில் நான்கு பேர் தங்கள் பூட்டை எடுத்துவிட்டார்கள். இவன் மட்டும் “இன்னும் கொஞ்ச நேரம்” என்கிறானாம். சாவி வராவிட்டால் இவனை இப்போதே அனுப்பிவிடுவாராம். புதிதாக இரண்டு பேரைப் பற்றிப் பேசவே வேண்டாமாம்.

அந்தப் பூட்டு அவளுக்குப் பிடித்த பாடம்.

மெயின் சுவிட்சை அணைத்து, கைப்பிடியில் ஆறு துளையுள்ள ஒரு கொக்கியை மாட்ட வேண்டும். இயந்திரத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் ஒரு துளையில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவரே எடுக்க வேண்டும். கடைசிப் பூட்டு கழலும்வரை கொக்கி திறக்காது. அதுவரை மின்சாரமும் வராது. உள்ளே யார் இருக்கிறார் என்பதை யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டாம். பூட்டு வைத்திருக்கும்.

சாவியை நானே வந்து கேட்டாலும் கொடுக்காதே என்று கரும்பலகையைத் தட்டிச் சொன்னவளும் அவள்தான்.

காலையிலிருந்து இது மூன்றாவது கம்பெனி. முதல் இரண்டும் வாசலோடு அனுப்பிவிட்டன. முட்டி வலித்தது.

“குடுத்துடுப்பா,” என்றாள் தமிழில். “அப்புறம் பேசிக்கலாம்.”

அஷ்வத் மன்னிப்புக் கேட்பவன்போலத் தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“முகத்தை மாத்தாம கேளுங்க மேடம். நிமாய்தா இன்னும் டிரம்முக்குள்ளதான் இருக்காரு. மூலையில தூசு சுரண்டுறாரு. கான்ட்ராக்ட் ஆளுன்னு அவருக்குப் பூட்டே குடுக்கல. பூட்டில்லாம உள்ள போனாருன்னு இவருக்குத் தெரிஞ்சா, நாளைலேர்ந்து அவருக்கு வேலை இல்ல.”

“என்ன சொல்றான்?” வங்காள மொழியில் கேட்டார் பிஸ்வாஸ் பாபு.

வித்யாலக்ஷ்மி கையை மடக்கிக்கொண்டாள். பக்கத்து டிரம்களின் இரைச்சலில் சுரண்டும் சத்தம் கேட்கவில்லை. கொக்கியில் சிவப்பாக ஒரே ஒரு பூட்டு தொங்கியது.

“இவனுக்குப் பாடம் மண்டைல ஏறல, பாபு. முதல்லேர்ந்து சொல்லிடறேன். நீங்களும் இங்க வந்து பாருங்க.”

அவர் டிரம்முக்கு முதுகு காட்டி நின்றார்.

பூட்டுக்குள்ளே இருக்கும் சின்னச் சின்ன ஊசிகளிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரம். சாவியின் பற்கள் அவற்றை ஒரே மட்டத்துக்குத் தூக்குகின்றன. அதற்குப் பிறகு சுருள்வில், அதற்குப் பிறகு வளையம், ஏன் சிவப்பு வண்ணம். அவள் வகுப்பு முடியவே முடியாது என்று பிள்ளைகள் முனகுவார்கள். பிஸ்வாஸ் பாபு இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

அவருக்குப் பின்னால் டிரம்மின் வாயிலிருந்து ஒரு சுரண்டுதகடு வெளியே வந்தது. பிறகு ஒரு கை. பிறகு தேயிலைத் தூள் அப்பிய ஒரு தலை. நிமாய்தா ஏணியில் இறங்கி, துண்டை உதறிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

அஷ்வத் டிரம்முக்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தான். வந்து, தன் பூட்டைத் தானே திறந்தான்.

“தப்புதான் பாபு.”

பிஸ்வாஸ் பாபுவுக்குத் திருப்தி. “பொறுமையா சொன்னா புரியுது பாருங்க. சரி, அந்த ரெண்டு பேரையும் திங்கக்கிழமை அனுப்புங்க.”

“மூணு பூட்டு வாங்கி வையுங்க, பாபு.”

“ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு?” என்றார் அவர்.