பன்னிரண்டு விநாடி

எல்லா நிறுத்தத்திலும், எல்லோருக்கும், பன்னிரண்டு விநாடிதான் கதவு திறந்திருக்கும். ஓட்டுநர் இல்லாத பேருந்து யாரிடமும் பாரபட்சம் காட்டாது. கால் விளங்காத கணவன் ஏகாம்பரத்தை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காக, ராஜகிளி ஒரு வாரமாக வீட்டு வாசற்படியில் எண்ணி எண்ணிப் பழகினாள். முதலில் அவரைத் தூக்கி உள்ளே உட்கார வைப்பாள். பிறகு இறங்கி வந்து சக்கர நாற்காலியை ஏற்றுவாள். நேற்று பதினொன்றில் முடித்துவிட்டாள்.

இன்று அவரைத் தூக்கி ஏற்றுவதற்குள் இரண்டு பேருந்துகள் கதவை மூடிக்கொண்டு போய்விட்டன. டயாலிசிஸ் தள்ளிப்போனதில் ஏகாம்பரத்தின் முகம் வீங்கியிருந்தது. மூன்றாவது வந்து நின்றது.

"கழுத்தக் கெட்டியா புடிச்சுக்கய்யா."

அவரை உள்ளே தரையில் இறக்கியபோது ஒன்பது எண்ணியிருந்தாள். நாற்காலிக்காகக் கீழே குதித்தாள். அதன் சக்கரம் நடைபாதைப் பிளவில் மாட்டியிருந்தது.

"யாராச்சும் கதவப் புடிங்களேன்."

கதவைப் பிடிப்பவருக்கு ஒரு மாதம் பேருந்தில் பயணம் கிடையாது என்பது விதி. உள்ளே எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கதவு மூடியது.

கண்ணாடிக்குப் பின்னால் ஏகாம்பரம் தரையில் கையை ஊன்றி அவளைப் பார்த்துக்கொண்டே போனார். காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ராஜகிளி பின்னால் ஓடினாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்திலும் அதே கணக்குத்தான். அங்கே அவரை இறக்க யாரும் இல்லை. அவள் வாய் தன்னால் எண்ணிக்கொண்டிருந்தது: பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து.