மாடியில் ஒரு முகம்

சிவகாசியில் ஒரு மருத்துவமனை வாசலில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் காவலர் சாம்சுந்தர். காலையில் பட்டாசு ஆலை வெடித்ததிலிருந்து கேட்டுக்கு வெளியே ஒரே அழுகையும் கூட்டமும்; யாரையும் உள்ளே விடக் கூடாது, அவரும் நகரக் கூடாது. "அண்ணே, பொம்பளப் பிள்ள!" என்று நர்ஸ் ஜாஸ்பின் மாடியிலுள்ள பிரசவ வார்டு ஜன்னலிலிருந்து, அப்போதுதான் பிறந்த அவருடைய குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறாள். வெள்ளைத் துணிக்குள் குட்டியாய் ஒரு நெற்றி. மேற்கு வெயில் கண்ணில் அடிக்கிறது. எக்கி எக்கிப் பார்த்தும் முகம் தெரியவில்லை. அப்போது தாயில்பட்டிக்காரி ஒருத்தி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம் மக வெடியில அடிபட்டு மாடியில கெடக்காய்யா. மொகத்த ஒருக்க பாத்துட்டு வந்துருதேன்" என்கிறாள். சாம்சுந்தர் சத்தமில்லாமல் சின்னக் கதவைத் திறந்து, "வெரசா போங்கம்மா" என்கிறார். சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் படியேறி ஓடுவதை, தானே ஏறுவதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.