சமாதானம் சொல்லும் நேரம்

குடிபோதையில் சவரியம்மாவின் மகளை லாரியேற்றிக் கொன்றுவிட்டுச் சிறை மீண்டுவந்த சிலுவைமுத்துவை, மாதா கோயிலில் எல்லோர் முன்னாலும் அவள் மன்னித்தாள். ஊரே அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது. அன்றிலிருந்து ஞாயிறு பூசையில் அவனுக்கு நேர் பின்னால்தான் நிற்பாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சாமியார் அழைக்கும்போது அவன் திரும்பித்தானே ஆகவேண்டும்? மகளின் ஒற்றை ஜிமிக்கி காதில் ஆட, கைகூப்பிச் சிரிப்பாள். அவன் முதல் பூசைக்கு மாறினான், அவளும் மாறினாள். பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போனான். பஸ் பிடித்துப் போனாள். கடைசியில் ஒருநாள் கோயில் வாசலில் அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

“யக்கா, நாசமாப் போன்னு சபிச்சிருங்க. இப்பிடி மட்டும் மன்னிக்காதீங்க.”

குனிந்து அவன் நெற்றியில் நிதானமாகச் சிலுவை வரைந்தாள்.

“எந்திரி தம்பி, பூசைக்கு மணியடிச்சாச்சு. நீ முன்னால போ.”