ஜாடியில் ஏறாத கோலிகள்

கோலிகளை யாரோ திருடுகிறார்கள். ஹெல்லெவி டீச்சருக்கு இனி சந்தேகமே இல்லை.

போன திங்கட்கிழமை ஜாடியில் கோலிகள் இருந்த உயரத்துக்குப் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தார். அதற்குப் பிறகு பதினொரு கோலி போட்டாயிற்று. கோலிகள் இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

போன இலையுதிர்காலத்தில் ஔலு நகரத்துக்குப் போய் ஐந்து நாள் கல்வி உளவியல் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர் அவர். திரும்பி வந்ததும் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். கத்தினால் அந்த நிமிஷம் மட்டும்தான் அடங்கும். நல்லதைப் பார்த்து உடனே பாராட்டினால் அது வளரும். ஆகவே, ஒரு பாடவேளை முழுக்க அமைதியாக இருந்தால் ஜாடியில் ஒரு கோலி. ஜாடி நிறைந்தால் வகுப்பே பனிமேட்டுக்குப் போய்ச் சறுக்கலாம்.

மார்ச் முடியப்போகிறது. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்குகிறது. இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் மேட்டில் சேறுதான் மிஞ்சும்.

காபி அறையில் விஷயத்தைச் சொன்னபோது பக்கத்து வகுப்பு டீச்சர் டோர்ஸ்தி கேலி செய்தார். உளவியல் படிக்கப் போனவள் கோலி விளையாடக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்றார். பேசாமல் எல்லாப் பைகளையும் சோதனை போடச் சொன்னார். கிளம்பும்போது வேறு ஏதோ நினைவுக்கு வந்தவராக, "ஆமா, சுவருக்கு அந்தப் பக்கம் இப்பல்லாம் உன் குரலே கேக்கறதில்லையே. தொண்டை சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த பாடவேளை வகுத்தல் கணக்கு. எழுதிக்கொண்டிருந்த டீச்சர் சட்டென்று திரும்பினார்.

ஜன்னலோரம் சைமி நின்றுகொண்டிருந்தாள். கம்பளிக் காலுறை, காலடிச் சத்தமே இல்லை. ஜாடியின் மூடி திறந்திருந்தது. அவள் வலது கை இறுக மூடியிருந்தது.

"சைமி, கையைத் திற."

"இப்ப முடியாது டீச்சர்."

பின்வரிசையிலிருந்து ஈவரி எழுந்தான். "அவ மட்டும் எடுக்கல டீச்சர். எல்லாரும்தான் எடுக்கறோம், முறை போட்டு. இன்னிக்கு அவ முறை."

ஒரு திருடனைத் தேடினால் இருபது பேர்.

இருபத்தேழு வருஷமாகப் பழகிய அந்தக் குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பிக் கழுத்துவரை வந்துவிட்டது. டீச்சர் வாயைத் திறந்தார்.

இருபது பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் கோல் வலைக்குள் போகுமா போகாதா என்று பந்தைப் பார்ப்பார்களே, அப்படி.

டீச்சர் வாயை மூடினார்.

"மத்ததெல்லாம் எங்கே?"

கூட்டமாக அவரை வெளியே நடைவழிக்குக் கூட்டிப்போனார்கள். கோட்டுகள் தொங்கும் இடத்தில், வரிசையாக இருந்த பூட்ஸ்களுக்குப் பின்னால் கையை விட்டு ஈவரி ஒரு பழைய ஜாம் பாட்டிலை எடுத்தான். கழுத்துவரை கோலிகள். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் கோணல் எழுத்து:

ஹெல்லெவி டீச்சர் கத்தாத பாடவேளைகள்.

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார்.

"நல்லதைப் பார்த்தா உடனே கவனிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் சைமி. "நீங்க கஷ்டப்பட்டு அடக்கிக்கறீங்க. யாருமே கவனிக்கலை. பாவமா இருந்துச்சு."

கடையில் கோலி தேடினார்களாம். கிடைக்கவில்லையாம். அதனால் தங்கள் ஜாடியிலிருந்தே எடுத்துப் போட்டார்களாம்.

"அப்ப உங்க சறுக்கு?"

"பனி அடுத்த வருஷமும் பெய்யும் டீச்சர்," என்றான் ஈவரி, பெரிய மனசோடு.

டீச்சர் காகிதத்தைத் தடவிப் பார்த்தார். "இது நிறைஞ்சா எனக்கு என்ன தருவீங்க?"

அதையும் பேசி முடிவு செய்து வைத்திருந்தார்கள். போன வருஷம் மாதிரி அவர் மேட்டுக்குக் கீழே நின்று காபி குடிக்கக் கூடாது. மேலே ஏறி, அவர்களோடு உட்கார்ந்து சறுக்க வேண்டும்.

டீச்சர் பாட்டிலை வாங்கிக்கொண்டார். வகுப்புக்குள் போனார். ஜாம் பாட்டிலை அப்படியே ஜாடிக்குள் கவிழ்த்தார். கடகடவென்று விழுந்த கோலிகள் கோட்டைத் தாண்டி ஏறின, வாய்வரை. இன்னும் ஒரே ஒரு கோலிக்குத்தான் இடம்.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் சறுக்குப் பலகை கொண்டு வாங்க," என்றார். "எனக்கும் ஒண்ணு."

அப்புறம் எழுந்த கூச்சலில் டோர்ஸ்தி அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டினார். ஹெல்லெவி டீச்சர் அதற்கும் கத்தவில்லை. சிரித்துக்கொண்டே ஜாடியை சைமியிடம் நீட்டினார்.

"நான்தான் கத்தலையே. அந்தக் கடைசிக் கோலியையும் போட்டுடேன்."

சைமி மூடிய கையைத் திறக்கவில்லை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி அடிக்க இன்னும் நாலு நிமிஷம் இருக்கே டீச்சர்."