ஞானத்தகப்பன் கொர்னேலியஸ்

வாவிப் பக்கத்து ஜன்னலால் வரும் காலை வெயில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் விழுகிறது. கோயில் பங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜோசப்பின் ஒவ்வொரு தாளாக மெதுவாய்ப் புரட்டுகிறாள். அருகில், அயர்லாந்திலிருந்து வந்த நோரா அம்மையார் கைக்குட்டையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தாத்தாவின் அண்ணன் கொர்னேலியஸ் டொயில் வாலிபத்தில் கப்பலேறி இந்த ஊருக்கு வந்தார் என்பது மட்டுமே குடும்பத்துக்குத் தெரியும். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. கல்யாணப் பதிவிலும் அவர் பெயர் இல்லை. “ஒருவரும் இல்லாமலேயே செத்துப்போனாரா?” என்று நோரா அம்மையார் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்கிறார். ஜோசப்பின் அடுத்த தாளைப் புரட்டுகிறாள். அப்போது அவளுடைய விரல் ஒரு வரியில் நிற்கிறது. ஞானத்தகப்பன்: கொர்னேலியஸ் டொயில். அடுத்த பக்கத்திலும் அதே பெயர், அதற்கடுத்ததிலும் அதே பெயர். மீன்காரர் பிள்ளை, தச்சர் பிள்ளை, தோணிக்காரர் பிள்ளை என்று ஊரில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் ஞானஸ்நானத்தின்போது அந்த மனிதர் கையில் ஏந்தி நின்றிருக்கிறார். பாதிப் பையன்களுக்குத் தன் பெயரையே வைத்தும் விட்டிருக்கிறார். அந்தப் பெயர்தான் கொர்னேல் என்று சுருங்கி, பேரன் பூட்டன் வரைக்கும் இன்றும் ஊரில் ஓடுகிறது. ஜோசப்பினுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. ஜன்னலால் தலையை நீட்டி, “கொர்னேல்! இஞ்ச ஒருக்கா வா!” என்று கூப்பிடுகிறாள். தோணியில் வலை உதறுகிறவன் நிமிர்கிறான். இறால் கூடையோடு போகிறவன் திரும்புகிறான். சைக்கிளில் வந்த நரைத்த தலைக்காரர் காலை ஊன்றி நிற்கிறார். “எந்தக் கொர்னேலக் கூப்பிடுறீங்க அக்கா?” என்கிறான் இறால் கூடைக்காரன். “எல்லாரும்தான் வாங்க! உங்கட சொந்தக்கார அம்மா வந்திருக்கா!” சொன்னதை ஜோசப்பின் ஆங்கிலத்தில் விளக்கியதும், நோரா அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவசர அவசரமாகத் தலைமுடியைச் சரிசெய்கிறார்.